லாக் ரீஸ்டோரில் 4305 பிழை, உதவி தேவை

எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள். ஞாயிறு ஃபுல் பேக்கப்பையும் செவ்வாய் இரவு டிஃபரன்ஷியலையும் (ஃபுல்லுக்குப் பிறகு மாறியவை மட்டும் உள்ள பேக்கப்) நோரெகவரி போட்டு (அடுத்த பேக்கப்பும் ஏறும்படி டேட்டாபேஸைத் திறக்காமல் வைத்து) ரீஸ்டோர் செய்தாகிவிட்டது, அப்புறம் புதன் காலை 9 மணி லாக் (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவு) பேக்கப் வரை ஒழுங்காக ஏறுகிறது, 10 மணி ஃபைலில்தான் 4305, அதாவது இதற்கு முந்தைய லாக் வேண்டும் என்ற பிழை, வருகிறது. ஹெடர்ஒன்லி (பேக்கப் ஃபைலின் விவரத்தை மட்டும் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் இரண்டு ஃபைல்களின் எல்எஸ்என்னும் (லாக் வரிசை எண்) ஒட்டவில்லை, நடுவில் ஒரு லாக் இல்லை. விர்ச்சுவல் மெஷின்களை பேக்கப் எடுக்கும் மென்பொருள் ஒன்றும் அங்கே ஓடுகிறது, அது தனியாக லாக் எடுத்திருக்குமோ என்று சந்தேகம்.

புதன் இரவு டிஃபரன்ஷியலைப் போட்டால் இடைவெளியைத் தாண்டலாம், ஆனால் 11.30க்கு அழிந்துபோன மாணவர் கட்டணப் பதிவுகள் அதில் இருக்காது, எங்களுக்கு வேண்டியதே அவைதான். பழைய சர்வரின் எம்எஸ்டிபி (பேக்கப் வரலாறு பதிவாகும் சிஸ்டம் டேட்டாபேஸ்) கையில் இருக்கிறது. அதில் பேக்கப் ஃபைல்களின் இடத்தைக் குறித்துவைக்கும் பேக்கப்மீடியாஃபேமிலி டேபிளில் தேடினால் அந்த லாக் எங்கே போனது என்று தெரியுமா? இப்படி மீட்டவர்கள் யாராவது வழி சொல்லுங்கள், அவசரம்.