விசாவில் 10 நாள், டிக்கெட்டில் 11 நாளா? ஷெங்கன் ஸ்டிக்கரை எப்படிப் படிப்பது, உதவுங்கள்

தூரப்பறவை:
வணக்கம் நண்பர்களே. நானும் மனைவியும் முதல்முறையாக ஐரோப்பா போகிறோம். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பிரான்ஸ் மூலம் விண்ணப்பித்தோம், விசா வந்துவிட்டது. சந்தோஷமாகப் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து குழப்பம்தான்.

ஸ்டிக்கரில் இருப்பது இது: டைப் சி (குறுகிய காலப் பயண விசா). மே 12 முதல் ஜூன் 5 வரை. நுழைவு எண்ணிக்கை 01. தங்கும் காலம் 10 நாள். தேதிக் கணக்குப்படி 25 நாள் வருகிறது, கீழே 10 என்று போட்டிருக்கிறார்கள். இதில் எது சரி?

திட்டம்: மே 12 காலை பாரிஸ். அங்கே 4 இரவு, பிறகு ரயிலில் சுவிட்சர்லாந்து 3 இரவு, கடைசியாக ரோம் 2 இரவு. மே 21 மாலை ரோமில் விமானம் ஏறி, இரவு பாரிஸில் இறங்கி, 22 காலை 6.30க்கு அங்கிருந்து ஊருக்கு விமானம். விண்ணப்பித்தபோது 21ஆம் தேதியே திரும்புவதாகத்தான் முன்பதிவு காட்டியிருந்தேன். பிறகு டிக்கெட் வாங்கும்போது இது மலிவாகக் கிடைத்தது.

இன்னொன்று. பாரிஸுக்கு அப்புறம் நடுவில் இரண்டு நாள் லண்டன் போய் நண்பரைப் பார்த்துவிட்டு வரலாமா? ரயிலிலேயே போய்விடலாம் என்கிறார்கள்.

சாலையோரம்:
கவலையே வேண்டாம் சகோ. ஜூன் 5 வரை செல்லுபடியாகும் விசா. 25 நாளும் தாராளமாக இருக்கலாம்.

வடக்குவாசல்:
சாலையோரம், தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். இதை நம்பி யாராவது 25 நாள் இருந்துவிட்டால் அடுத்த விசாவே கேள்விக்குறியாகிவிடும்.

தூரப்பறவை தம்பி, இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் வேறு வேறு. மே 12 – ஜூன் 5 என்பது கதவு திறந்திருக்கும் காலம். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், ஆனால் ஜூன் 5க்குள் வெளியே வந்துவிட வேண்டும். 10 நாள் என்பது உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பது. நீங்கள் கேட்ட நாள்களோடு 15 நாள் கூடுதலாகச் சேர்த்துத்தான் அந்தக் காலத்தைப் போடுவார்கள். 10 + 15 = 25. விமானம் தள்ளிப்போனாலோ பயணத்தை ஒரு வாரம் கழித்து வைத்துக்கொண்டாலோ மறுபடி விண்ணப்பிக்காமல் இருக்கத்தான் அந்த 15. தங்குவதற்கு அல்ல.

இப்போது உங்கள் டிக்கெட்டுக்கு வருகிறேன். அங்கே பிரச்சினை இருக்கிறது. நாள் எண்ணும்போது ஹோட்டல் இரவை எண்ணக்கூடாது. நுழையும் தேதி ஒரு நாள், வெளியேறும் தேதியும் ஒரு நாள். இரவு 11.50க்கு இறங்கி இமிக்ரேஷனைத் தாண்டினாலும் அந்தப் பத்து நிமிடம் ஒரு முழு நாள். மே 12 முதல் 21 வரை விரல் விட்டு எண்ணுங்கள்: சரியாக 10. மே 22 பதினோராவது நாள்.

தூரப்பறவை:
அண்ணா, 21 மாலையே ரோமை விட்டுக் கிளம்பிவிடுகிறேனே? பாரிஸில் விமானம் மாறுவது மட்டும்தான். அது டிரான்சிட் கணக்கில் வராதா?

வடக்குவாசல்:
எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ரோமிலிருந்து பாரிஸ் போவது ஷெங்கனுக்குள் உள்நாட்டு விமானம் மாதிரி. ரோமில் வெளியேறும் சோதனையே கிடையாது. நீங்கள் வெளியேறுவது பாரிஸ் விமான நிலையத்தில், ஊருக்குப் போகும் விமானத்துக்கு முன்னால் இருக்கும் கவுண்டரில். அந்த அதிகாரி முன்னால் நிற்கும்போது என்ன தேதியோ அதுதான் உங்கள் வெளியேறும் தேதி. 22 காலை நின்றால் 22.

மூட்டைமுடிச்சு:
21 இரவே பாரிஸில் இறங்கியதும் நேராக இமிக்ரேஷன் தாண்டி உள்ளே போய், கேட் பக்கத்தில் உட்கார்ந்தே இரவைக் கழித்துவிட்டால்? அப்போது 21 தானே பதிவாகும்?

வடக்குவாசல்:
கணக்குப்படி சரி. ஆனால் ரோம் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமானால் நள்ளிரவு தாண்டிவிடும். அதோடு, மறுநாள் காலை விமானத்துக்கான கவுண்டர் முந்தின இரவே திறந்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மனைவியோடு போகும் விடுமுறையை இப்படி முடிக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சாலையோரம்:
சரி, என் பதில் தப்பு. ஆனால் ஒரே ஒரு நாள்தானே, கண்டுகொள்ளவா போகிறார்கள்?

நிலாமுற்றம்:
என் அக்கா குடும்பத்துக்கு அதே ஒரு நாள்தான். நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்னால் இறங்கியவர்கள், மறுநாளிலிருந்து எண்ணிவிட்டார்கள். திரும்பும்போது அதிகாரி நுழைவு முத்திரையையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். தனியாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள், அபராதம் இல்லை. ஆனால் அதற்கு அடுத்த விண்ணப்பத்தில் அந்த ஒரு நாளுக்கு அக்கா ஒரு பக்கம் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. எல்லா நாட்டிலும் இதோடு விடுவார்கள் என்றும் இல்லை. சில இடங்களில் அபராதம் உண்டு, நுழையத் தடைகூடப் போடலாம்.

அது முத்திரை காலம். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக இஇஎஸ் என்ற கணினிப் பதிவு வந்துவிட்டது. போகும்போதும் வரும்போதும் அதில் பதிவாகும், நாள் கணக்கை இயந்திரமே போட்டுவிடும். மங்கலான முத்திரையைப் பார்த்து அதிகாரி ஏமாறுவார் என்று இனி யாரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

தூரப்பறவை:
பயமாக இருக்கிறது. அப்படியானால் எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளி வைத்துவிடவா? மே 13 முதல் 23? கதவுதான் ஜூன் 5 வரை திறந்திருக்கிறதே.

நிலாமுற்றம்:
😄 தள்ளினாலும் 11 நாள் 11 நாள்தானே! சுருக்க வேண்டும். ஒன்று, 22 காலை விமானத்தை 21க்கு மாற்றுங்கள். அல்லது 13ஆம் தேதி போய் இறங்கி, 22 அன்றே திரும்புங்கள். எதற்குக் கட்டணம் குறைவு என்று பார்த்து முடிவெடுங்கள்.

வடக்குவாசல்:
லண்டன் விஷயத்தை யாரும் தொடவில்லையே. அதை மறந்துவிடுங்கள் தம்பி. முதலாவது, பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா வேண்டும். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. உங்கள் ஸ்டிக்கரில் நுழைவு 01. பாரிஸில் ரயில் ஏறும் முன்பே ஷெங்கனிலிருந்து வெளியேறும் சோதனை முடிந்துவிடும். அந்த நொடியில் உங்கள் விசாவின் வேலை முடிந்தது. இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருந்தாலும் சுவிட்சர்லாந்துக்கோ ரோமுக்கோ திரும்பி வர முடியாது. 02 அல்லது 'மல்ட்' (பல முறை நுழையலாம்) என்று இருந்தால்தான் வெளியே போய்த் திரும்பலாம்.

ஐரோப்பிய ஒன்றியமும் ஷெங்கனும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக உள்ளே வந்துவிட்டன, ஆக மொத்தம் 29 நாடுகள். உங்கள் பாரிஸ் – சுவிட்சர்லாந்து – ரோம் எல்லாம் ஒரே நுழைவில் அடக்கம். ரயிலில் எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், சில சமயம் கேட்பார்கள்.

கோடைமழை:
இடையில் ஒரு சந்தேகம். எனக்கு இத்தாலி விசா கொடுத்திருக்கிறது. ஆனால் முதலில் இறங்குவது ஆம்ஸ்டர்டாமில். திருப்பி அனுப்பிவிடுவார்களா? அப்புறம் இந்த 90/180 என்கிறார்களே, அது என்ன?

நிலாமுற்றம்:
அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் விதி. அந்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும் என்று இல்லை. இத்தாலியில்தான் அதிக நாள் என்று காட்ட ஹோட்டல் முன்பதிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி கேட்டால் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

90/180 என்பது உச்சவரம்பு. உள்ளே இருக்கும் எந்த நாளிலும் அன்றிலிருந்து 180 நாள் பின்னோக்கி எண்ணினால், இருந்த நாள்கள் 90ஐத் தாண்டக்கூடாது. அடிக்கடி போய் வரும் பல நுழைவு விசாக்காரர்களுக்குத்தான் இது தலைவலி. ஸ்டிக்கரில் 10 என்று இருந்தால் 10தான். '90 நாள் உரிமை உண்டே' என்று அங்கே போய் வாதாட முடியாது.

தூரப்பறவை:
அனைவருக்கும் நன்றி. லண்டனை விட்டுவிட்டோம், நண்பர் வேண்டுமானால் பாரிஸுக்கு வரட்டும். திரும்பும் விமானத்தை மாற்ற அதிகக் கட்டணம் கேட்டார்கள், அதனால் போகும் தேதியை மே 13 ஆக்கிவிட்டேன். பாரிஸ் 4, சுவிட்சர்லாந்து 3, ரோமில் ஒரு இரவு போயிற்று. மனைவிக்கு வருத்தம்தான்.

வடக்குவாசல்:
நல்லது. காப்பீட்டைப் பார்த்தீர்களா? விசாவுக்காக எடுத்தது மே 12 – 21 என்று இருக்கும். இப்போது 22 அன்றும் உள்ளே இருக்கிறீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான காப்பீடு தங்கும் நாள் முழுவதற்கும் வேண்டும்.

தூரப்பறவை:
ஐயோ, ஆமாம். எடுத்துப் பார்த்தேன், 21 என்றுதான் இருக்கிறது! இன்றே நீட்டிக்கிறேன்.

மூட்டைமுடிச்சு:
ஒருவேளை கடைசி நாள் விமானமே ரத்தானால்? அப்போதும் 10 நாள் தாண்டிவிடுமே.

வடக்குவாசல்:
அதற்கு வழி இருக்கிறது. நம் கையில் இல்லாத காரணத்தால் வெளியேற முடியாமல் போனால் விசாவைக் கட்டணமில்லாமல் நீட்டிப்பார்கள். ஆனால் நாம் போய்க் கேட்க வேண்டும், அதுவும் காலக்கெடு முடிவதற்குள். விமானம் ரத்தானதற்கான சான்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு, விமான நிலையத்தில் இருக்கும் எல்லைக் காவல்துறையிடம் உடனே போய் விசாரியுங்கள். மலிவு டிக்கெட்டுக்காக 22ஐத் தேர்ந்தெடுத்த கதையை அங்கே சொன்னால் எடுபடாது. 🙂

தூரப்பறவை (ஊர் திரும்பிய பின்):
வந்துவிட்டோம். போகும்போது பாரிஸில் அதிகாரி கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் எங்கே. தாளை நீட்டினேன். 22 என்ற தேதியின் மேல் பேனா முனையை வைத்து, ஸ்டிக்கரில் 10 என்ற எண்ணைப் பார்த்து, விரலால் மேசையில் தட்டித் தட்டி எண்ணினார். பத்தாவது தட்டில் நின்றது. தலையாட்டி அனுப்பிவிட்டார். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், ரோமில் போன இரவைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.