மனிதவளத் துறையில் பெண் என்பதால் நேர்ந்தது: உங்கள் அனுபவம்

கோவை, கணக்குப் பிரிவு:
2019இல் ஒரு வேலைக்கான நேர்காணலின் இரண்டு சுற்றுகளும் முடிந்து சம்பளப் பேச்சுக்கு வந்திருந்தேன். மனிதவள மேலாளர் என் தன்விவரக் குறிப்பைப் புரட்டிக்கொண்டே, "கல்யாணமாகி ஆறு மாசம்தானே ஆகுது, அடுத்து என்ன பிளான்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பென்சிலை எடுத்து என் பெயருக்குப் பக்கத்தில் சிறிதாக ஒரு சுழி போட்டார். நிச்சயம் அது பிள்ளையார் சுழி அல்ல. எனக்கு முன்னால் உள்ளே சென்ற ஆணும் புதிதாகத் திருமணமானவர்தான். அவரிடம் அப்படி எதுவும் கேட்கவில்லையாம். நியமனக் கடிதம் எனக்கு வரவில்லை.

சென்னை, மென்பொருள்:
எனக்கு நேர்காணலில் தொல்லை இல்லை. பேறுகால விடுப்பு முடிந்து திரும்பிய ஆண்டின் பணி மதிப்பீட்டில் கடைசித் தரத்தைக் கொடுத்தார்கள். காரணம் கேட்டதற்கு, "மத்தவங்க வருஷம் முழுக்க இருந்தாங்க, யாருக்காவது இதைக் கொடுத்துத்தானே ஆகணும்" என்றார் மேலாளர். அதைச் சொல்லும்போது தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்திய அவருடைய கனிவைத்தான் மறக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற மனிதவள அலுவலர்:
முதலில் எழுதியவர் ஒரு சுழியைப் பெரிதுபடுத்துகிறார். நானும் அந்த நாற்காலியில் இருந்தவன். 2017இல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தபோது, ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வரம்பான மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெறுவோருக்கான செலவு முழுவதும் நிறுவனத்தின் தலையில் விழுந்தது. "இந்த இடத்துக்குப் பெண் வேண்டாம்" என்று முதலாளி வாயால் சொல்வாரே தவிர, எழுதித் தரமாட்டார். ஆகவே பெண்கள்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் சிரித்தபடி பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். அன்று மாலையே நன்றி தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பி, கேட்கப்பட்ட கேள்விகளை அதில் குறிப்பிடுங்கள். விடுப்பு விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். பேறுகால விடுப்புச் சம்பளம் கிடைக்க, எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பதால் சேர்ந்த தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவை, கணக்குப் பிரிவு:
ஐயா, நான் அறிவுரை கேட்கவில்லை. செலவு நிறுவனத்துக்கு என்பது உண்மைதான். ஆனால் 26 வாரம்தான் காரணம் என்றால், முதல் முறை கருவுற்றதுமே விமானப் பணிப்பெண்ணை வேலையைவிட்டு அனுப்பும் விதி எப்படி வந்தது? உச்ச நீதிமன்றம் 1981இல் அதை ரத்து செய்தபோது விடுப்பு வெறும் 12 வாரம். அந்த நாற்காலியில் இருந்தவர் என்பதால் ஒன்றை மட்டும் கேட்கிறேன்: பென்சிலால் சுழி போட்டால் உங்கள் வழக்கத்தில் என்ன பொருள்?