ரஸ்ட் (Rust) நிரலாக்க மொழியில் த்ரெட் (இணையாக ஓடும் வேலை) தொடங்கவே கம்பைலர் விடமாட்டேன் என்கிறது, டேட்டாவை க்ளோன் (நகல்) எடுக்காமல் வழி உண்டா?

கேள்வி:
பெரிய லாக் ஃபைல் ஒன்றைப் படித்து வரிகளை ஒரு வெக்டரில் வைத்திருக்கிறேன். அதை நான்காகப் பிரித்து, நான்கு த்ரெட்டில் எரர் வரிகளை எண்ண வேண்டும், அவ்வளவுதான். ஸ்பான் (spawn, த்ரெட்டைத் தொடங்குவது) போட்டால், இந்த ஃபங்ஷன் முடிந்த பிறகும் க்ளோஷர் (த்ரெட்டுக்குக் கொடுக்கும் கோடுத் துண்டு) இருக்கலாம் என்று கம்பைலர் நிறுத்திவிடுகிறது. சரி என்று மூவ் (move, உரிமையை க்ளோஷருக்கே மாற்றுவது) சேர்த்தால் முதல் த்ரெட்டே வெக்டரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. கீழேயே ஜாயின் (join, த்ரெட் முடியும்வரை காத்திருப்பது) போட்டிருக்கிறேனே, அது போதாதா?

பதில் 1:
போதாது. ஸ்பான் தரும் ஹேண்டில் (த்ரெட்டைக் குறிக்கும் பிடி) டிராப் ஆனால் (கைவிடப்பட்டால்) த்ரெட் நிற்காது, தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஜாயினுக்கு முன்னால் எங்காவது பேனிக் (பிழையால் ஓட்டம் முறிவது) வந்தால் வெக்டர் போய்விடும், த்ரெட் மட்டும் இல்லாத மெமரியைப் படித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் லோக்கல் வேரியபிளின் ரெஃபரன்ஸை ஸ்பான் ஏற்பதே இல்லை. உங்களுக்கு வேண்டியது த்ரெட் ஸ்கோப். 2022 ஆகஸ்டில் வந்த ரஸ்ட் 1.63 முதல் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே இருக்கிறது, அதற்கு முன் கிராஸ்பீம் கிரேட்டைத்தான் (வெளி லைப்ரரி) நாடுவோம். உள்ளே தொடங்கிய த்ரெட் எல்லாம் முடியாமல் ஸ்கோப் திரும்பாது, ஆகவே சங்க்ஸ் (chunks) போட்டுத் துண்டுகளாகப் பிரித்து ஸ்லைஸாகவே (நகலெடுக்காத பகுதியாக) கொடுங்கள்.

பதில் 2:
ஃபங்ஷன் முடிந்த பிறகும் த்ரெட் ஓட வேண்டிய இடம் என்றால், சர்வர் மாதிரி, ஆர்க் (Arc, பல த்ரெட்டுகள் ஒரே டேட்டாவைப் பகிர உதவும் சுட்டி) பயன்படுத்துங்கள். ஆர்க்கை க்ளோன் செய்தால் டேட்டா நகலாகாது, பகிர்வோரின் எண்ணிக்கை ஒன்று கூடும், அவ்வளவே. ஆர்சி (Rc, ஒரே த்ரெட்டுக்கான அதே வகைச் சுட்டி) மட்டும் வேண்டாம். அதன் எண்ணிக்கை அட்டாமிக் (இடையில் குறுக்கிட முடியாதது) இல்லை, இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் தொட்டால் கணக்கு பிசகும். நல்லவேளையாகக் கம்பைலரே அதைத் தடுத்துவிடும்.

கேட்டவர்:
ஸ்கோப் வேலை செய்கிறது, மிக்க நன்றி! ஆனால் நேரம் கொஞ்சமும் குறையவில்லை. ஒரு மேப்பில் ஸ்பான், அடுத்த மேப்பில் ஜாயின், கடைசியில் சம் என்று ஒரே தொடராக எழுதியிருக்கிறேன்.

பதில் 1:
அங்கேதான் சிக்கல், பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இட்டரேட்டர் (மேப் போன்ற தொடர்) கேட்டால்தான் அடுத்ததைத் தரும். முதல் த்ரெட்டைத் தொடங்கி, அது முடியும்வரை ஜாயினில் காத்திருந்து, அப்புறம்தான் இரண்டாவதைத் தொடங்குகிறது, அதாவது ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்தான் எண்ணுகிறது. ஸ்பானை அடுத்து கலெக்ட் போட்டு ஹேண்டில்களை முதலில் ஒரு வெக்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு ஒவ்வொன்றாக ஜாயின் செய்யுங்கள். பொதுவான கவுண்டரும் மியூடெக்ஸும் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) தேவையில்லை, ஒவ்வொரு த்ரெட்டும் தன் எண்ணிக்கையைத் திருப்பித் தந்தால் கூட்டிக்கொள்ளலாம். ஏதாவது ஒன்று பேனிக் ஆனால் ஜாயின் எர்ர் (Err, பிழையைக் குறிக்கும் மதிப்பு) தரும், அதைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள், மொத்தம் குறைவாக வரும்.