சென்னையில் கிடைக்கும் கறிக்கு எந்த ஊர் பிரிஸ்கெட் முறை ஒத்துவரும்: டெக்சாஸா, கான்சஸ் சிட்டியா, மான்ட்ரியலா?

பாலவாக்கம்_புகை:

வணக்கம். ஈசிஆர் பக்கம் சனி, ஞாயிறு மட்டும் புகைபோட்ட மாட்டுக்கறி விற்கிற சின்னக் கடை போடலாம் என்று திட்டம். ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ பச்சைக் கறி, அவ்வளவுதான். முக்கிய ஐட்டம் பிரிஸ்கெட். கறிக்கடையில் நெஞ்சுக்கறி என்று சொல்லி, எலும்பு எடுத்து முழுத் துண்டாக வாங்கிக்கொள்ளலாம்.

ஃபிராங்க்ளின், ஸ்னோஸ், ஆர்தர் பிரையன்ட்ஸ், ஷ்வார்ட்ஸ் என்று பெயர் பெற்ற கடைகள் எல்லாமே அதே நெஞ்சுக்கறியைத்தான் செய்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் வேறு பக்குவம். நமக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் எருமை. உப்பும் மிளகும் மட்டும் தடவி 120 டிகிரியில் வைத்தால் பிரிஸ்கெட்டின் கொழுப்பு குறைந்த தட்டையான பாகம் நார்நாராக உலர்ந்துவிடுகிறது. எந்த ஊர் முறையைப் பின்பற்றினால் இந்தக் கறி தேறும்? டெக்சாஸ் கடைகள் எரிக்கும் போஸ்ட் ஓக் என்கிற ஓக் மர விறகுக்கு இங்கே எது சரியான மாற்று? இரண்டுக்கும் விவரமாகப் பதில் கிடைத்தால் பெரிய உதவி.

லாக்ஹார்ட்_பாதை:

முதலில் ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

நடு டெக்சாஸ் முறை, அங்கே குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்களின் கடைகளிலிருந்து வந்தது. விற்காமல் மிஞ்சின கறியைப் புகைபோட்டு, கசாப்புக் காகிதத்திலேயே வைத்துக் கொடுத்தார்கள். லாக்ஹார்ட்டில் உள்ள க்ரைட்ஸ் மார்க்கெட் 1900இல் தொடங்கியது. அங்கே தோள்பட்டைக் கறிக்கும் பெரிய பெயர் உண்டு. டெய்லரில் லூயி மியூலர், 1949இலிருந்து இருக்கிறது. கொரகொரப்பான மிளகு தடித்த பொருக்காக நிற்கும். ஆஸ்டினில் ஃபிராங்க்ளின் 2009இல் ஒரு டிரெய்லரில் ஆரம்பித்தது: உப்பு, மிளகு, போஸ்ட் ஓக், பாதியில் காகிதம் சுற்றுவது. லெக்சிங்டனில் ஸ்னோஸ் சனிக்கிழமை மட்டும்தான், காலை 8 மணிக்கே கடை திறந்துவிடும்.

இந்தக் கடைகள் வைத்திருக்கும் மாடு ஏறக்குறைய இரண்டு வயது, சோளம் ஊட்டி வளர்த்தது. தசைக்கு உள்ளேயே கொழுப்பு ஓடியிருக்கும். 12 மணி நேரம் தாங்குவதற்குக் காரணம் அதுதான். மசாலாவும் விறகும் அதற்கு அப்புறம்தான். அந்தக் கொழுப்பு இல்லாத கறியில் ஃபிராங்க்ளின் முறையை அப்படியே செய்தால் உலராமல் இருக்க வழியே இல்லை.

டெக்சாஸ் மலைநாட்டில் லானோ ஊர் கூப்பர்ஸ் வேறு ரகம். மெஸ்கீட் விறகைத் தனியாக எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலைக் கறிக்கு நேர் கீழே அள்ளிப் போடுவார்கள். தெற்கே பிரவுன்ஸ்வில்லில் வேராஸ் கடையில் மாட்டுத்தலையை நன்றாகப் பொதிந்து, குழிக்குள் மெஸ்கீட் தணலில் இரவு முழுக்க வைக்கிறார்கள். ஈரம் வெளியே போகாததால் கொழுப்பு குறைந்த கறிக்கும் பொருந்தும் தத்துவம்.

கான்சஸ் சிட்டியில் ஆர்தர் பிரையன்ட்ஸ் பிரிஸ்கெட்டை மெல்லிசாகச் சீவி வெள்ளை ரொட்டிமேல் குவித்து சாஸோடு தருகிறது. மெல்லிசாகச் சீவினால் நார் குட்டையாகிவிடும், பல்லுக்கு வேலை இல்லை. உலர்ந்ததை சாஸ் ஈடுகட்டும். பிரிஸ்கெட்டின் கொழுத்த கூர்முனைப் பகுதியைச் சதுரமாக வெட்டித் திரும்ப வாட்டும் பர்ன்ட் எண்ட்ஸும் அந்த ஊர்தான், ஆனால் எருமையின் கூர்முனையில் அதற்குப் போதுமான கொழுப்பு வராது. மெனுவில் போடாதீர்கள்.

மான்ட்ரியல் ஷ்வார்ட்ஸ், 1928. உப்பும் மசாலாவும் தடவிப் பத்து நாள் போல ஊறவைத்து, புகைபோட்டு, கடைசியில் ஆவியில் வேகவைப்பார்கள். என் கணிப்பில் சென்னைக் கறிக்கு முதலிடம் இதற்கு, இரண்டாமிடம் கான்சஸ் சிட்டிக்கு. நடு டெக்சாஸ் மூன்றாவதுகூட இல்லை.

கறிக்கட்டை:

மேலே சொன்ன வரிசை சரி. கறிப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அடுப்புக்கு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது.

1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி 10 வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாது என்று சான்று கிடைத்த மாட்டையும் எருமையையும்தான் அறுக்கலாம். அதனால் கடைக்கு வருவது வயதான கறி. வயது ஏற ஏற இணைப்புத்திசுவில் உள்ள கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துவிடும். இளம் மாட்டில் 93 டிகிரியில் இளகுவது இங்கே 96, 97 வரை போய், அங்கேயே ஒன்றிரண்டு மணி நேரம் நின்றால்தான் இளகும். தெர்மாமீட்டர் எண்ணை மட்டும் நம்பி இறக்கினால் ரப்பராகத்தான் இருக்கும். தடித்த இடத்தில் கம்பியைக் குத்திப் பாருங்கள், தடையில்லாமல் இறங்க வேண்டும்.

வாங்கும்போது கொழுப்பின் நிறத்தைப் பாருங்கள்: எருமைக்கு வெள்ளை, பசுவினத்துக்கு மஞ்சள் ஓடும். கலந்து வாங்கினால் வேகும் நேரம் துண்டுக்குத் துண்டு மாறும். மேல் கொழுப்பை 6 மி.மீ. விட்டு மீதியைச் சீவுங்கள். சீவியதைத் தூக்கிப் போடாதீர்கள், உருக்கி வடிகட்டினால் பிறகு தேவைப்படும்.

காலையில் அறுத்த கறியை அன்றே ஃப்ரீசரில் தள்ளுவது பெரிய தப்பு. தசை விறைத்துத் தளர்வதற்கு முன் உறைந்தால், உறைநிலை விடும்போது சுருங்கி இறுகும், நீரும் கொட்டும். ஃப்ரிட்ஜில் 2 முதல் 4 டிகிரியில் தட்டுமேல், மூடாமல், இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

உப்பு விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்கக் குறிப்புகள் கோஷர் உப்பு என்கிற பருமனான உப்பைக் கப்பில் அளக்கின்றன. அந்த உப்பு லேசானது. அதே கப்பில் நம் தூள் உப்பைப் போட்டால் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகி, வாயில் வைக்க முடியாது. எப்போதும் எடையில் அளங்கள்: சீவிச் சுத்தம் செய்த கறி ஒரு கிலோவுக்கு 15 கிராம். மிளகை மிக்சியில் அரைத்தால் பாதி மாவாகி, புகையில் கசக்கும். உரலில் ஒன்றிரண்டாக இடித்து, மாவைச் சலித்து எடுத்துவிடுங்கள்.

பாலவாக்கம்_புகை:

மிக்க நன்றி இருவருக்கும். அப்படியானால் கான்சஸ் சிட்டி முறையில் தொடங்கி, மான்ட்ரியலை இரண்டாவதாகச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் அளவும் நேரமும் யாராவது சொல்ல முடியுமா? பத்து நாள் ஊறவைப்பது இந்த வெயிலில் பயமாக இருக்கிறது.

குண்டான்_ஆவி:

கான்சஸ் சிட்டி பாணிக்கு, 3 கிலோ தட்டைப் பாகம். உப்பு 45 கிராம், இடித்த மிளகு 25, காஷ்மீரி மிளகாய்த்தூள் 15, நாட்டுச்சர்க்கரை 20. முந்தின இரவே தடவி ஃப்ரிட்ஜில் வையுங்கள். 115 முதல் 120 டிகிரியில் புகை. உள்வெப்பம் 68 வரும்வரை நாலைந்து மணி நேரம் ஆகும். அந்த இடத்தில் வெப்பம் ஏறாமல் நிற்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால்தான் அப்படி, பதறித் தீயைக் கூட்டாதீர்கள். நம் கறிக்கு அது தானாக விலகக் காத்திருக்கவும் வேண்டாம், இழக்கிறதெல்லாம் இருக்கிற கொஞ்ச ஈரம். உடனே இரட்டை அடுக்கு ஃபாயிலில் வைத்து, உருக்கிய கொழுப்பு 100 கிராம், எலும்புச் சாறு 150 மி.லி. ஊற்றி இறுக்கிச் சுற்றுங்கள். தணலில் வாட்டிய வாழையிலையை உள்ளே விரித்தால் ஃபாயில் ஓட்டையாகாது. காகிதம் வேண்டாம், அது ஈரத்தை வெளியே விடும். கொழுத்த கறிக்குத்தான் அது. மேலும் 4 முதல் 6 மணி நேரம், கம்பி இறங்கும்வரை. வெட்டும்போது நாருக்குக் குறுக்கே 3 மி.மீ. தடிமன். டெக்சாஸ் கடைகள் மாதிரி பென்சில் கனத்தில் வெட்டினால் இந்தக் கறி மெல்ல முடியாது. ஃபாயிலில் தேங்கிய சாற்றைக் கொழுப்பு எடுத்துவிட்டு சாஸில் சேருங்கள்.

மான்ட்ரியல் பாணிக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை, ஊறல் முழுவதும் ஃப்ரிட்ஜுக்குள்தான். ஆனால் கதவு அடிக்கடி திறக்காத தனி ஃப்ரிட்ஜ் வேண்டும், 4 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஒரு கிலோ கறிக்கு மொத்த உப்பு 25 கிராம். அதில் 2.5 கிராம், 6.25 சதவீத சோடியம் நைட்ரைட் உள்ள க்யூரிங் உப்பு, அதாவது கறியைப் பதப்படுத்தும் உப்பு. இதைக் கண்ணளவில் போடவே கூடாது, 0.1 கிராம் காட்டும் தராசு கட்டாயம், அதிகமானால் நஞ்சு. அதோடு இடித்த மிளகு 10, இடித்த மல்லி விதை 10, பூண்டு 8, கடுகு 3, நாட்டுச்சர்க்கரை 8 கிராம். பையில் காற்றில்லாமல் கட்டி, தினமும் திருப்பிப் போட்டு, 5 செ.மீ. தடிமனுக்கு 8 முதல் 10 நாள். எடுத்துக் கழுவி, ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு, ஓரத்தில் ஒரு சிறு துண்டை வதக்கி உப்பு பாருங்கள். துடைத்து, மீண்டும் மிளகும் மல்லியும் அப்பி, 110 டிகிரியில் உள்வெப்பம் 70 வரும்வரை புகை.

அதற்கப்புறம் வேலை இட்லிக் குண்டானுக்கு. கல்யாணச் சமையலுக்கு வாடகைக்குக் கிடைக்கும் பெரிய குண்டானில் தட்டு வைத்து, தண்ணீர் கறியைத் தொடாமல், 3 மணி நேரம் ஆவி. எருமைக்கு நாலும் ஆகும். புகையும் ஆவியும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை: வெள்ளிக்கிழமை புகைபோட்டுக் குளிரவைத்து, சனி காலை தேவைக்கேற்ப ஆவியில் ஏற்றலாம். தனி ஆளாகக் கடை நடத்துகிறவருக்கு இந்த வசதி ரொம்ப முக்கியம். ஒரே குறை, பொருக்கு மெத்தென்றாகிவிடும்.

தணல்மேடு:

விறகுக்கு வருகிறேன். நம் சீமைக்கருவேலம் டெக்சாஸ் மெஸ்கீட்டின் நெருங்கிய உறவு, இரண்டும் ஒரே பேரினமாகவே நெடுங்காலம் வகைப்படுத்தப்பட்டவை. அதனால் போஸ்ட் ஓக்குக்கு மாற்றாக அதை நினைக்காதீர்கள், கூப்பர்ஸ் முறையில் பயன்படுத்துங்கள். பச்சைக் கட்டையைக் கறியோடு சேர்த்து எரித்தால் நாலு மணி நேரத்தில் கசப்பு ஏறிவிடும். தனித் தொட்டியில் எரித்து, தணலான பிறகு மாற்றிப் போடுங்கள். ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்திலிருந்து வரும் கரியும் இதே மரம்தான், நேரடியாக அதையே வாங்கிவிடலாம்.

போஸ்ட் ஓக்கின் மிதமான புகைக்கு என் தேர்வு, அடித்தளமாகச் சவுக்கு, மணத்துக்குக் கொய்யா அல்லது புளி. சவுக்கு கனமான மரம், தீ சீராக நிற்கும், சென்னையில் எங்கும் கிடைக்கும். ஆனால் கட்டடச் சாரத்துக்குப் பயன்பட்ட கழிகள் வேண்டாம், சிமென்ட்டும் ஆணியும் இருக்கும். தைலமரமும் வேம்பும் கூடவே கூடாது.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் விறகு ஈரம் உறிஞ்சிவிடும். புகை வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் கறிமேல் தாரும் கசப்பும் படிகிறது என்று அர்த்தம். மெல்லிய நீலப்புகைதான் வேண்டும். அடுத்து போடப்போகும் கட்டைகளை அடுப்பின் மேலேயே அடுக்கிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். புகைபோக்கியை மூடித் தீயை அடக்காதீர்கள்; சின்னத் தீயாக வைத்து, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு சிறு கட்டை.

ஈசிஆரில் மதியத்துக்கு மேல் கடல்காற்று அடிக்கும், அடுப்பின் காற்றுவாயை அந்தத் திசைக்கு வைத்தால் 120 டிகிரி நிமிடத்தில் 150 ஆகும். தெற்கே திருப்பி, கிழக்கில் தகரத்தட்டி கட்டிவிடுங்கள். 200 லிட்டர் டிரம்மில் அடுப்பு செய்வதாக இருந்தால் ரசாயனம் வந்த டிரம்மும், துத்தநாகம் பூசிய தகரமும் ஆகாது. டிரம் தகடு மெல்லிசு, டெக்சாஸ் அடுப்புகளின் 6 மி.மீ. இரும்பு மாதிரி சூட்டைப் பிடித்து வைக்காது. சுற்றிலும் ஒற்றைச் செங்கல் அடுக்கினால் போதும்.

கறிக்கட்டை:

விற்கும்போது வைத்திருக்கும் முறையும் சொல்லிவிடுகிறேன். இறக்கியதும் 75 டிகிரிக்கு இறங்கவிட்டு, துண்டில் சுற்றி, ஐஸ்பாக்ஸில் அடைத்தால் மூன்று நாலு மணி நேரம் சூடு நிற்கும். 60க்குக் கீழே போகும் முன் விற்றுவிட வேண்டும், அல்லது வேகமாகக் குளிரவைத்து ஃப்ரிட்ஜுக்கு. ஆர்டர் வந்த பிறகுதான் சீவுங்கள், சீவி வைத்த கறி ஐந்தே நிமிடத்தில் கறுத்து உலரும்.

விலை போடும்போது ஒரு கணக்கு: 10 கிலோ எலும்பில்லாத கறி, சீவினபின் ஏறக்குறைய 8, வெந்தபின் நாலரைக்குப் பக்கம். பச்சைக்கறி விலையை இரண்டால் பெருக்கி, அதற்கு மேலும் கொஞ்சம் ஏற்றி, அதன்மேல் விறகும் கூலியும் சேர்த்துப் பாருங்கள்.