புதுப்பிப்பு: தம்பியின் வலிப்பு, மாறிப்போன மாத்திரை

இரண்டு வருடம் வராத வலிப்பு தம்பிக்குக் குளியலறையில் திரும்ப வந்ததையும், மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை என்று அவன் சத்தியம் செய்ததையும் போன மாதம் எழுதியிருந்தேன். பலர் அவனை நம்பவில்லை. நானும்தான்.

அவன் சொன்னது உண்மை. மருந்துக் கடையில் ஸ்டாக் இல்லையென்று அவன் சாப்பிடும் வலிப்பு மருந்தான ஃபெனிடாயினையே வேறு கம்பெனியில் கொடுத்திருக்கிறார்கள். அட்டையின் நிறம் மாறியதை அம்மா கவனித்தும் ‘அதே மருந்துதானே’ என்று விட்டுவிட்டார். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தால், குறைந்திருந்தது. பழைய கம்பெனி மாத்திரைக்கே திரும்பிவிட்டோம். “அப்போ அரை மாத்திரை கூட்டிக்கொள்ளலாமா?” என்று கேட்டதற்கு டாக்டர் கடிந்துகொண்டார். இந்த மருந்தில் டோஸைக் கொஞ்சம் கூட்டினாலே ரத்தத்தில் தாறுமாறாக ஏறிவிடுமாம். தள்ளாட்டம், கண் ஆட்டம் எல்லாம் வரும்.

கையில் சாவிக்கொத்து கொடுத்தால் வலிப்பு நிற்குமா என்று கேட்டவர்களுக்கு: பக்கத்து வீட்டு மாமா அன்றைக்கும் அவன் கையில் திணித்தார், பயனில்லை. வாயில் விட்ட ஸ்பூனால் முன்பல் உடைந்ததுதான் மிச்சம். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பார்க்க வேண்டும்; ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

அப்புறம், குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றியாயிற்று. தம்பிக்குத்தான் இன்னும் கோபம்.