மின்னிரைச்சலா, மின்னழுங்கலா? இன்வெர்ட்டர் பாடத்துக்கு ஒரு சொல் வேண்டும்

பாளையங்கோட்டை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டு இன்வெர்ட்டர் பழுதுபார்ப்புப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரு சொல்லால் நிற்கிறது. ஆனி, ஆடிக் காற்றில் கிளை முறிந்து லைனில் விழுந்து கரண்ட் போகிறது, இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்கிறது. உடனே ஒரு வீட்டில் ஃபேன் முனங்குகிறது. இன்னொரு வீட்டில் பெட்டியே உறுமுகிறது. வேறொரு வீட்டில் 1197 கிலோஹெர்ட்ஸில் திருநெல்வேலி வானொலி வைத்தால் கரகரப்பில் செய்தியே கேட்கவில்லை. மாணவர்கள் மூன்றையும் ‘சத்தம்’ என்றே எழுதுகிறார்கள். காதில் விழுவது வேறு, கம்பியில் ஏறி வரும் வேண்டாத மின் அலைவு வேறு. அந்த இரண்டாவதுக்குத்தான் சொல் கேட்கிறேன்.

தென்காசி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, புதிதாகப் படைக்கவே வேண்டாம். தொல்காப்பிய உரியியலைப் புரட்டுங்கள். ‘கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள.’ நான்கும் ஒலிப்பொருள்தான். ஆனால் தொல்காப்பியர் அதோடு விடவில்லை. ‘அவற்றுள், அழுங்கல் இரக்கமும் கேடும் ஆகும்’ என்று அடுத்து ஒரு நூற்பா வைக்கிறார். ஒலியையும் கேட்டையும் ஒரே சொல் தாங்குகிறது! சீராக வரும் மின்னோட்டத்தைக் கெடுக்கும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? குறுந்தொகை 12ஆம் பாட்டின் கடைசி அடி ‘நொதுமல் கழறும் இவ் அழுங்கல் ஊரே’. தலைவன் பிரிந்த துயரை உணராமல், அயலார்போல் இடித்துப் பேசித் தலைவியின் மனத்தைக் கெடுக்கிற ஊர் அது. ஆகவே ‘மின்னழுங்கல்’. எறும்புதின்னிக்கும் அழுங்கு என்று பெயர் உண்டு. அதற்கும் இந்த வேருக்கும் உறவு உண்டா என்று தனியே எழுதுகிறேன்.

கடையநல்லூர், எலெக்ட்ரிக் கடை:

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைப் பையனிடம் ‘மின்னழுங்கல்’ என்றால் பேட்டரி அழுகிவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்ப்பான். ஃபேன் முனங்குது, ரேடியோ இரையுது என்றுதான் வீட்டுக்காரர்கள் வந்து சொல்கிறார்கள். ‘முனகல்’, ‘இரைச்சல்’ இரண்டும் கையிலேயே இருக்கின்றன. ஐயாவுடைய சொல்லை எத்தனை பேரிடம் விளக்கிக்கொண்டிருப்பது?

சொல்லைவிட அந்த மூன்று வீட்டையும் பிரிக்கிற வழியைப் பாடத்தில் போடுங்கள், அண்ணாச்சி. ரேடியோவை பிளக்கிலிருந்து எடுத்து, பேட்டரி செல் போட்டு ஓட்டிப் பார்க்கவேண்டும். இரைச்சல் நின்றால் அது ஒயர் வழியாக வந்தது. நிற்காமல், பெட்டியை விட்டு விலக விலகக் குறைந்தால் காற்று வழியாக வருகிறது. ரேடியோவையே அணைத்த பிறகும் கேட்டால் அது இரும்புத் தகடு அதிர்கிற சத்தம், ரேடியோவுக்குச் சம்பந்தமில்லை.

ஒயர் வழி என்றால் முதலில் எர்த்தைப் பார்க்கணும். அப்புறம் பேட்டரி டெர்மினல். வெள்ளைப் பூத்து, நட்டு தளர்ந்து கிடக்கும், லோடு ஏறும்போதெல்லாம் உள்ளே பொறி தட்டும். காற்று வழி என்றால் பேட்டரிக்குப் போகிற சிவப்பு, கறுப்பு ஒயர்களை அகட்டிப் போடாமல் சேர்த்து முறுக்கி, நீளத்தையும் குறைக்கவேண்டும். பழைய மானிட்டர் கேபிளில் குண்டாக ஒரு உருளை இருக்குமே, அந்த ஃபெரைட் வளையத்தை மாட்டினால் மேல் அலைவரிசை இரைச்சல் குறையும். ஃபேன் முனகலுக்கு இதெல்லாம் உதவாது.

அம்பாசமுத்திரம், இயற்பியல் ஆசிரியை:

ஃபேன் முனகலுக்குக் காரணம் அலையின் வடிவம். மின்வாரியத்திலிருந்து வருவது 50 ஹெர்ட்ஸ் சைன் அலை. விலை குறைந்த இன்வெர்ட்டர் சதுர அலை தருகிறது. அதற்குள் 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் ஒளிந்திருக்கின்றன. மூன்றாம் மடங்கின் வீச்சு அடிப்படை அலையில் மூன்றில் ஒரு பங்கு, ஐந்தாவது ஐந்தில் ஒரு பங்கு. மோட்டார் அவற்றுக்கும் சேர்த்து அதிர்கிறது. சைன் அலை இன்வெர்ட்டர் வைத்தால் முனகல் பெரும்பாலும் போய்விடும். பெட்டி உறுமுவது மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை நீண்டு சுருங்குவதால். அதனால்தான் அது 100 ஹெர்ட்ஸில் கேட்கிறது.

தனி மடலில் ஒருவர் ‘மின்கலக்கம்’ என்றார். வேண்டாம். பேட்டரிப் பாடம் முழுக்க ‘மின்கலம்’ வருகிறது, பிள்ளைகள் மின்கலத்தில் ஏதோ கோளாறு என்று படித்துவிடுவார்கள். ‘சிற்றலை’யும் ஆகாது. இந்தப் பக்கம் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சிற்றலை என்றால் ரேடியோ பேண்டுதான். ‘குறுக்கீடு’ நல்ல சொல். ஆனால் ஓர் அலை இன்னொரு கருவியில் போய்த் தலையிடுவதற்கு அது தேவைப்படும், அதை இங்கே செலவழிக்கவேண்டாம். என் ஓட்டு ‘மின்னிரைச்சல்’.

பாளையங்கோட்டை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

சரி. மற்றவர்களும் அதற்கே சாய்கிறார்கள். கம்பியிலும் காற்றிலும் வருவது மின்னிரைச்சல், காதில் கேட்கும் அதிர்வு முனகல் என்று எழுதிவிடுகிறேன். கடை அண்ணாச்சி சொன்ன ரேடியோ சோதனையைச் செய்முறையாகச் சேர்க்கிறேன்.

தென்காசி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அச்சில் அது போகட்டும், தடுக்கமாட்டேன். ஆனால் அலைநோக்கியில் (ஆசிலோஸ்கோப்) மட்டும் தெரிந்து, எந்தக் காதுக்கும் எட்டாத கோளாற்றை ‘இரைச்சல்’ என்பதை நான் ஒப்பவில்லை. தம்பி தொடக்கத்தில் கேட்டதே காதையும் கம்பியையும் பிரிக்கத்தான். இந்தச் சொல்லில் காது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழுங்கலுக்கோ ஒலி இல்லாமலே கேடு என்ற பொருள் நிற்கும். அடுத்த பதிப்புக்கு முன் டீச்சர் இதற்கு ஒரு பதில் எழுதவேண்டும். எறும்புதின்னிக் குறிப்பு நாளை வரும்.