அப்பாவுக்கு டாபாகிளிஃப்ளோசின் ஆரம்பித்ததும் கிரியாட்டினின் ஏறிவிட்டது, நிறுத்தலாமா?

கொங்குநாட்டான்:
அப்பாவுக்கு 61 வயது, 14 வருடமாகச் சுகர். கிரியாட்டினின் (ரத்தத்தில் தங்கும் கழிவு, கிட்னி தளர்ந்தால் ஏறும்) 1.9, ஈஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் அளவு) 39, யூரின் ஏசிஆர் (சிறுநீரில் கசியும் புரதம்) 820. டெல்மிசார்டன் என்ற பிபி மாத்திரை ஏற்கெனவே ஓடுகிறது. போன மாதம் கிட்னி டாக்டர், சுகருக்கும் கிட்னிக்கும் கொடுக்கிற டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. எழுதினார், நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் கிரியாட்டினின் 2.1. வீட்டில் ஒரே களேபரம். "கிட்னியைக் காப்பாத்தற மாத்திரைன்னு சொல்லிக் கிட்னியையே முடிச்சுடுவாங்க, தூக்கிப் போடு" என்கிறார் சித்தப்பா. அப்பா இரண்டு நாளாக மாத்திரையைத் தொடவில்லை. அடுத்து ஃபினரெனோன் என்ற இன்னொரு கிட்னி மாத்திரையும் சேர்க்கலாம் என்று வேறு டாக்டர் சொன்னார், அங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச முடிவதில்லை. டாபாகிளிஃப்ளோசின் யாராவது சாப்பிடுகிறீர்களா?

மூணு வருஷ மாத்திரை:
நான் சாப்பிடுகிறேன் தம்பி. எனக்குச் சுகரே கிடையாது, ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற வேறு கிட்னி நோய். எனக்கும் முதல் மாதம் கிரியாட்டினின் 1.7 இருந்தது 1.9 ஆனது, பயந்துதான் போனேன், அப்புறம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரும் வெட்கப்பட்டுச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: சிறுநீரில் சர்க்கரை போவதால் அந்த இடத்தில் பூஞ்சை வந்து அரிப்பு எடுக்கும். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்துவிடச் சொல்லுங்கள். வந்தாலும் களிம்பு போட்டால் போய்விடும், அதற்காக மாத்திரையை விட வேண்டாம்.

மருந்துக்கடைக்காரர்:
அந்த ஏற்றம் எதிர்பார்த்ததுதான். சுகர் உள்ளவர்களுக்குச் சிறுநீரக வடிகட்டிக்குள் அழுத்தம் அதிகம், இந்த மாத்திரை அதைக் குறைக்கிறது, மதகைக் கொஞ்சம் இறக்கினால் வாய்க்காலில் தண்ணீர் குறைவது மாதிரி. ஈஜிஎஃப்ஆர் 30 சதவீதம் வரை இறங்கினால் பொதுவாக நிறுத்துவதில்லை. உங்கள் அப்பாவுக்கு 39 இருந்தது 35 பக்கம் வந்திருக்கும், அவ்வளவுதான். 2020இல் வந்த டாபா-சிகேடி என்ற, இந்த மாத்திரையைச் சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்த ஆய்வில் 4,304 பேர், சராசரியாக இரண்டரை வருடம். டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 14, 15 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கு மேல் போனது, அல்லது செயலிழந்தது, அல்லது அதனாலோ இதயத்தாலோ இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 9 பேர். போனதை இது மீட்டுத் தராது, போகிற வேகத்தைத்தான் குறைக்கும், இதை அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதே 2020 அக்டோபரில் இங்கே இதன் முதல் காப்புரிமை முடிந்ததால் விலையும் மலிந்துவிட்டது.

ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிடாமல் கிடக்கும் நாள், இதிலெல்லாம் மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும். ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே. சஷ்டி விரதம் இருப்பவரா? டாக்டரிடம் சொல்லாமல் ஆறு நாள் பட்டினியோடு இதையும் சாப்பிட்டால், சுகர் நார்மலாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறி ஐசியூவில் போய் நிற்கும்.

ஃபினரெனோனும் நல்ல மருந்துதான், சுகரால் வந்த சிறுநீரக நோய்க்கு. ஆனால் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், டெல்மிசார்டனும் கூட இருப்பதால் இன்னும் கவனம். ரத்தப் பரிசோதனை பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது, ஆரம்பித்து ஒரு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இப்போது பொட்டாசியம் எவ்வளவு?

கொங்குநாட்டான்:
டாக்டரிடம் மறுபடி போனோம். டாபாவைத் தொடரச் சொல்லிவிட்டார், அப்பா முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுகிறார். பொட்டாசியம் 5.3, அதிகம்தான். அதனால் ஃபினரெனோன் இப்போதைக்கு இல்லை. பொட்டாசியம் அதிகமுள்ள இளநீர், வாழைப்பழம் எதுவும் கொடுப்பதில்லையே என்று அம்மா புலம்ப, டாக்டர் என்ன உப்பு வாங்குகிறீர்கள் என்று கேட்டார். பிபிக்கு நல்லது என்று எட்டு மாதமாகச் சோடியம் குறைந்த உப்புதான். வீட்டுக்கு வந்து பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு.

மருந்துக்கடைக்காரர்:
அதேதான். சாதா உப்பையே வாங்குங்கள், அளவைக் குறைத்துப் போடுங்கள், இரண்டு வாரம் கழித்துப் பொட்டாசியம் பாருங்கள். அந்தப் பாக்கெட்டைச் சித்தப்பா வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அவருக்கும் சுகர் இருந்தாலும் இருக்கும்.